தரம் இரண்டில் பேச்சு நேரம்

காலையில் ஐந்தேமுக்காலுக்கு பஸால் மகள் ஸுஹைறாவை எழுப்புவான். அவள் கட்டிலில் எழுந்து உட்காருவாள்.

“பல்லைக் காட்டுங்க” என்பான். காட்டுவாள்.

“ரெண்டு கையையும் தூக்குங்க.” தூக்குவாள். அவன் பத்து வரைக்கும் எண்ணுவான். இரண்டு கையும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பான்.

“ஒரு வசனம் சொல்லுங்க.”

“நான் தரம் இரண்டு பீ” என்பாள். சில நாளில் “எனக்கு நித்திர வருது” என்பாள். அதுவும் வசனம்தான். சரி என்று கையைக் கீழே போடச் சொல்வான்.

பிறகு பல் தீட்டல், குளிப்பு, வெள்ளைச் சல்வார். தலையை இரண்டாகப் பிரித்துப் பின்னுவான். வகிடு நேராக வராது. மேலே தலைத்துணி வருவதால் வெளியில் தெரியாது. அடுத்த வீட்டு ஆகிலா, அவனுடைய மனைவியின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, இடியப்பமும் சொதியும் மூடிய தட்டை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். மகள் மூன்று இடியப்பம் தின்பாள். தண்ணீர்ப் போத்தலை நிரப்புவான். ஏழு பத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பான். நிந்தவூர் மெயின் ரோட்டு ஓரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதில் ஏறாமல் ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவான். அங்கிருந்து பிரதேச செயலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைப்பான்.

எழுந்தவுடன் நடக்கும் அந்த மூன்றும் ஒரு விளையாட்டு என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தான். அது விளையாட்டல்ல. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அவனுடைய மனைவி நதீராவுக்கு வாயின் இடது ஓரம் கீழே இறங்கியது. இடது கை தூக்க வரவில்லை. பேச்சு நின்றது. வயது இருபத்தேழு. மூளைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மட்டக்களப்பில் இரண்டு நாள் மெஷினில் கிடந்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு பஸால் போனில் தேடித் தேடி வாசித்தான். வாய், கை, பேச்சு. மூன்றையும் பார்க்க வேண்டும், நேரம் பிந்தக் கூடாது என்று போட்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது வருமா என்றும் தேடினான். மிக அரிது என்று வந்தது. இருபத்தேழு வயதுக்கும் அரிது என்றுதான் வந்தது.

அன்று புதன்கிழமை. ஸுஹைறா பல்லைக் காட்டினாள். கையைத் தூக்கினாள். அவன் பத்து வரை எண்ணினான்.

“ஒரு வசனம் சொல்லுங்க.”

அவள் அவனைப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன.

“ஒரு வசனம், மகள். என்னவெண்டாலும்.”

ஒன்றும் இல்லை. திங்களும் இப்படித்தான், செவ்வாயும் இப்படித்தான். அவன் மறுபடியும் கையைத் தூக்கச் சொன்னான். மறுபடியும் பத்து எண்ணினான். 

தட்டை வைக்க வந்த ஆகிலா வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்டைக்கும் வாயத் தொறக்கல்லியா?”

“இல்ல ராத்தா.”

“உங்கட கெம்பஸ் படிப்புல இதுக்கு ஒண்டும் சொல்லித் தரல்லியா மச்சான்? நான் சொல்றதத்தான் கேக்க மாட்டீங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு மௌலவிக்கிட்ட கூட்டிப் போய் ஒருக்கா ஓதிப் பாத்துக்கு வருவம். புள்ள பயந்திரிக்கி.”

“வெள்ளிக்கிழம பாப்பம்.”

“வெள்ளிக்கிழம, வெள்ளிக்கிழம. புள்ள நல்லா இரிக்கணும் எண்டு துஆக் கேளுங்க. கலிமாவோட போனவட புள்ள இது. அல்லாஹ் கைவிட மாட்டான்.”

பஸால் மகளைப் பல் தீட்டக் கூட்டிக்கொண்டு போனான். நதீராவின் ஜனாஸா வீட்டில், ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், ஆகிலா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக் கேட்டாள். பேச்சு நிக்க முந்திக் கலிமா சொன்னாளா மச்சான்? அவன் ஓம் என்றான். வேறு எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆகிலா உள்ளே ஓடிப் போய் எல்லாரிடமும் சொன்னாள். கலிமாவோடு வந்த சாவு நல்ல மௌத்து என்று ஊர் சொன்னது. நான்கு மாதமாக ஆகிலா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

போன வருடம் தரம் ஒன்றில் ஸுஹைறாவின் அறிக்கையில் ‘வாய் மூடாத பிள்ளை’ என்று எழுதியிருந்தார்கள். உம்மா போன பிறகு குறைந்தது. ஆனாலும் பேச்சு இருந்தது. தரம் இரண்டுக்கு வந்து மூன்றாம் கிழமையில்தான் ஹுஸ்னியா டீச்சர் அவனுக்குப் போன் எடுத்தா.

“எழுதுறா. கணக்குச் செய்றா. கேட்டாத் தலையாட்டுறா. ஆனா காலைல வட்டத்துல எழுப்பினா ஒரு சொல்லு வருதில்ல. எனக்கு ஒரு பெட்டியில சரி போட ஏலாமக் கிடக்கு.”

பெட்டி என்று டீச்சர் சொன்னது, வருடத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்த தாளில் உள்ளதை. ‘தரம் இரண்டு. முதலாம் தவணையில் பிள்ளை அடைய வேண்டியவை.’ இடம் வலம் அறிந்து சப்பாத்து அணிவார். தொண்ணூற்றொன்பது வரை எண்ணி எழுதுவார். தன் முறை வரும்வரை காத்திருப்பார். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சக மாணவர் முன் ஐந்து வசனங்கள் பேசுவார். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு சின்னப் பெட்டி.

பஸால் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மகளை முன்னால் நிறுத்தி, தாளில் உள்ளபடியே வாசித்துப் பழக்கினான். “புதன்கிழம உங்கட முறை. உம்மாவப் பத்தி அஞ்சு வசனம் பேசணும். இப்ப எனக்குப் பேசிக் காட்டுங்க.”

அவள் அவனைப் பார்த்த பார்வை அவனுக்கு விளங்கவில்லை. அன்று மாலையிலிருந்து அவனோடும் கதைப்பதை விட்டாள்.

அந்தப் புதன்கிழமை காலை அவன் வேலைக்குப் போகவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டீச்சரிடம் கேட்டு, வகுப்பின் பின்பக்கம் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. சட்டைப் பையில் மோட்டார் சைக்கிள் திறப்பு இருந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து மட்டக்களப்புக்கு ஒரு மணித்தியாலம். எந்தச் சந்தியில் வளைவு, எந்தச் சந்தியில் நெரிசல் என்று எல்லாம் அவனுக்குப் பாடம்.

வகுப்பு தன் பாட்டில் நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள். பையைக் கொழுவியில் மாட்டினார்கள். போத்தல்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய அட்டையை ‘வீடு’ என்ற பையிலிருந்து எடுத்து ‘வகுப்பு’ என்ற பைக்குள் போட்டார்கள். ஸுஹைறாவும் போட்டாள். குர்ஆன் கிராஅத் ஓதி முடிந்தது. டீச்சர் இரண்டு தரம் கை தட்டினா. முப்பத்தொரு பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரும்பலகையின் மேல் மூலையில் அன்றைய ஒழுங்கு எழுதியிருந்தது. முதலில் நின்றது: பேச்சு நேரம்.

ஹுஸ்னியா டீச்சர் ஊர்க்காரிதான், ஆகிலாவின் வீட்டிலிருந்து மூன்றாம் வாசல். ஆனால் பாயில் உட்கார்ந்தால் புத்தகத் தமிழ்தான். அது அவவுடைய சட்டம்.

“இன்று முதலில் பேசப் போவது யார்?”

அஸ்கி என்ற பையன் எழுந்தான். “எனது உம்மா மிகவும் நல்லவர். அவர் கோழிக்கறி சமைப்பார். காலு எனக்கு. நெஞ்சு வாப்பாக்கு.”

“நல்ல தமிழில், அஸ்கி.”

“நெஞ்சு வாப்பாவுக்கு.”

“யாராவது அஸ்கியிடம் கேள்வி கேட்கலாம்.”

ஸகியா என்ற பிள்ளை கையைத் தூக்கினாள். ஸுஹைறாவுக்குப் பக்கத்தில் இருப்பவள். “கழுத்து ஆருக்கு?”

அஸ்கி யோசித்தான். “கழுத்து உம்மாவுக்கு.”

“அதான பாத்தன்” என்றாள் ஸகியா. வகுப்பு சிரித்தது. பஸாலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மகளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடுத்தது ஸுஹைறா.”

அவள் எழுந்து பாயின் நடுவில் நின்றாள். கைகள் பக்கத்தில் தொங்கின.

“பேசுங்கள், ஸுஹைறா. உங்கள் உம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்.”

அவள் கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு வசனம் பேசினால் போதும்.”

அப்போது அவளுடைய வாயின் இடது ஓரம் கீழே இறங்கியது. பஸால் அதைக் கண்டான். ஒரு ஓரம் மட்டும். மற்ற ஓரம் இருந்த இடத்தில் இருந்தது.  எழுந்தான். குட்டிக் கதிரை அவனோடு கொஞ்சம் எழும்பிப் பின்னால் விழுந்தது. பிள்ளைகளைத் தாண்டி, யாருடைய கையை மிதித்தானோ தெரியாது, பாயின் நடுவில் போய் மண்டியிட்டான்.

“கையைத் தூக்குங்க” என்றான்.

அவன் சொன்ன சத்தத்துக்கு வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கியது. முப்பது பிள்ளைகள், அறுபது கை. இதுவும் இன்றைய ஒழுங்கில் உள்ளது என்று நினைத்திருப்பார்கள். ஸுஹைறா மட்டும் தூக்கவில்லை.

“தூக்குங்க மகள். ரெண்டையும்.”

தூக்கவில்லை. அவன் அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு ஓடினான். திறப்பை எடுத்தபோது அது கைதவறி விழுந்தது. குனிந்து தடவினான். எட்டு ஐந்து. எட்டு இருபதுக்குக் கல்முனை. பிந்தக் கூடாது. பிந்தக் கூடாது.

“ஸுஹைறாட வாப்பா, நில்லுங்க.” டீச்சர் பின்னால் வந்தா. புத்தகத் தமிழ் வகுப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. “எங்க ஓடுறீங்க?”

“வாய் இழுக்குது டீச்சர். இடது பக்கம்.”

“இறக்குங்க புள்ளய. இறக்குங்க எண்டன். இஞ்ச வாங்க மகள்.” டீச்சர் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா. “இது அழுக. அடக்கிப் பிடிக்கிறா. முப்பது வருஷமா இந்த வாயளத்தான் பாக்குறன். அழுதா ஒரு பக்கம்தான் முதல்ல போகும்.”

அவன் நம்பவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

ஸகியா ஸுஹைறாவின் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“டீச்சர், அவக்கு வருத்தம் ஒண்டுமில்ல. அவ பேச மாட்டாவாம்.”

“உங்களுக்கு ஆரு சொன்ன?”

“அவதான். என்னோட கதைக்கிறான.”

பஸால் திரும்பினான். “உங்களோட கதைக்கிறாவா?”

“ஓம். எந்த நாளும். என்ட அழிறப்பரயும் அவதான் வெச்சிரிக்கா.” ஸகியா அவனைக் குற்றம் சாட்டுவது போலப் பார்த்தாள். “நீங்களும் டீச்சரும் அவக்கிட்ட உம்மாவப் பேசு, உம்மாவப் பேசு எண்டு சொல்றீங்களாம். மௌத்தானவங்களுக்குப் பேசக் கூடா எண்டு மதுரசாவுல மௌலவி சொன்ன. பேசினா ஹறாம். அதான் அவ வாயப் பொத்திக்கு நிக்கிறா.”

 வகுப்புக்குள் பிள்ளைகள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருக்கலாமா, இறக்கலாமா என்று சண்டை போட்டார்கள்.

இந்த ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. வாப்பா பேசினார் என்றால் வாப்பாவிடம் ஏச்சு வாங்கியது. மற்றதெல்லாம் கதைப்பதுதான். பஸாலுக்கு இது தெரியாததல்ல. அவனும் இந்தத் தமிழில்தான் வளர்ந்தான். கையில் தாள் இருந்ததால் தாளில் உள்ள சொல்லை வாசித்தான். மூன்று நாளாக, செத்துப் போன தாயை ஏசு என்று பிள்ளையை முன்னால் நிறுத்திக் கேட்டிருக்கிறான்.

ஹுஸ்னியா டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா. “யா அல்லாஹ்” என்றா மெதுவாக. பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தா. “மகள், அது பேசுற இல்ல. கதைக்கிற. உம்மா எப்பிடி இருந்த, என்ன ஆக்கித் தந்த எண்டு கதைக்கிறது. புத்தகத்துல அதுக்குப் பேசுற எண்டுதான் போட்டிரிக்கி. புத்தகக்காரனுக்கு எங்கட ஊர் தெரியா.”

ஸுஹைறா கேட்டுக்கொண்டு நின்றாள். பஸால் காத்திருந்தான். இப்போது வரும் என்று நினைத்தான். வரவில்லை.  சொல்லில் வந்த பிழை இதுதான் என்றால், பிழை தீர்ந்த பிறகும் ஏன் மூடியிருக்கிறது இந்த வாய்?

அவன் நிலத்தில் உட்கார்ந்தான். “மகள், வாப்பாக்கு ஒண்ட மட்டும் சொல்லுங்க. எங்கெயும் நோகுதா?”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை. பிறகு, சத்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது போல ஒருமுறை கனைத்தாள்.

“உம்மாதான் எனக்குப் பேசின” என்றாள்.

“எப்ப?”

“அண்டைக்கு. ஸ்கூலுக்கு வரக்குள்ள. சப்பாத்த மாத்திப் போட்டன். எத்தின தரம் சொல்ற, வலது எது இடது எது எண்டு தெரியாத மாடு எண்டு பேசினா.”

ஸகியா சிரித்தாள். டீச்சர் அவளைப் பார்த்தவுடன் நிறுத்தினாள்.

“அதுக்குப் பொறகு உம்மா என்னோட கதைக்கல்ல. அதான் கடைசி.”

“அது கடைசி இல்ல மகள்.”

“கலிமாவா? பெரியும்மா சொன்னா.”

ஓம் என்று சொன்னால் முடிந்தது. ஊருக்குச் சொன்னதையே பிள்ளைக்கும் சொல்லலாம். அவன் வாயைத் திறந்தான். அவள் அதற்குள் தன்பாட்டில் தொடர்ந்தாள்.

“கலிமா அல்லாஹ்வுக்குச் சொல்ற. எங்களுக்குச் சொன்னதுல கடைசி எனக்குப் பேசினதுதான். உம்மா கோபத்தோட போயிட்டா.”

நான்கு மாதமாக இந்தக் கணக்கை அவள் தனியாகப் போட்டு வைத்திருக்கிறாள். பஸால் நிமிர்ந்து பார்த்தான். ஹுஸ்னியா டீச்சர் அசையாமல் நின்றா. மூன்றாம் வாசல். அவன் இங்கே சொல்வது லுஹர் தொழுகைக்கு முன்னால் ஆகிலாவின் அடுப்படிக்குப் போய்விடும். ஆகிலாவின் முகம் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தது. நல்ல மௌத்து என்ற சொல் அவளுடைய கையிலிருந்து போய்விடும். அதைப் பறித்தவன் என்று அந்த வீட்டு வாசலில் அவன் எப்படி நிற்பது? 

மகள் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் அவளுடைய வாயைப் பார்ப்பது போல.

“இல்ல மகள்” என்றான். “உங்களுக்குப் பேசினது கடைசி இல்ல. அதுக்குப் பொறகு எனக்குப் பேசினா.”

“உங்களுக்கா?”

“ஓம். எனக்குத்தான்.”

“அதுக்குப் பொறகு கலிமாவா?”

“இல்ல. அதுக்குப் பொறகு ஒண்டுமில்ல. கலிமா சொன்னா எண்டு நான் பெரியும்மாக்குச் சொன்னது பொய்.”

டீச்சரின் கை சேலைத் தலைப்பில் இறுகியது. ஸகியாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டா.

ஸுஹைறா கிட்ட வந்தாள். “நீங்க என்ன செஞ்சீங்க, உங்களுக்குப் பேச?”

“உங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வந்து அறைக்குள்ள போனன். உம்மா தலையிடி எண்டு படுத்திருந்தா. நான் லைட்டப் போட்டன்.”

“அதுக்கா பேசினா?”

“ஓம்.”

“என்னெண்டு? அப்பிடியே சொல்லுங்க.”

அன்றைக்கு நதீரா சொன்னபடியே அவன் லைட்டை நூர்த்து அறையை இருட்டாக்கினான். செய்துவிட்டு, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்ப உள்ளே போனபோது அவளுக்குப் பேச்சு நின்றிருந்தது. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரு வசனம்தான். அவன் கண்ணை மூடினான். நதீரா சொன்ன மாதிரியே, அந்தச் சலிப்போடு, சொன்னான்.

“‘பகல்ல என்னத்துக்கு லைட்டு? நூருங்க அத.’”